ஃபியூஸ் கட்டையா, எம்சிபியா, ஆர்சிசிபியா? பழைய மெயின் போர்டில் கை வைக்கும் முன்

பழைய வீடு வைத்திருக்கும் சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். "மெயின் போர்டுல இன்னும் பீங்கான் ஃபியூஸ் கட்டைதான் இருக்கு. எம்சிபி போட்டுடலாமா, இல்ல இதுவே போதுமா?" எம்சிபி என்பது ஓவர்லோடோ ஷார்ட்டோ வந்தால் தானாக விழும் சுவிட்ச். ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது, ஏசி வாங்கும்போது, வாஷிங் மெஷினைத் தொட்டு லேசாக ஷாக் வாங்கிய மறுநாள் என்று இந்தக் கேள்விக்கென்று சில நேரங்கள் உண்டு. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு "எல்லாத்தையும் தூக்கிட்டுப் புதுசு போட்டுடலாம் சார்" என்பார். வீட்டுப் பெரியவரோ, "நாப்பது வருஷமா இதுதான் இருக்கு, என்ன ஆயிடுச்சு?" என்பார். இரண்டு பேரையும் முழுதாக நம்ப வேண்டியதில்லை.

என்ன ஆயிடுச்சு என்பதற்கு எங்கள் ஊர் வீட்டையே சொல்கிறேன். சமையலறைப் பக்கம் போகும் லைனில் மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய்விடும். மாமா ஒருநாள் சலித்துப்போய், ஒரு பழைய டேபிள் ஃபேன் ஒயரை உரித்து, நாலைந்து இழைகளை முறுக்கிக் கட்டையில் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஃபியூஸ் போகவே இல்லை. சரியாகிவிட்டது என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். சில வருடம் கழித்துச் சுண்ணாம்பு அடிக்கப் போர்டைக் கழற்றியபோது, பின்னாலிருந்த மரப்பலகை கரியாகிக் கிடந்தது. ஒயரின் மேல்தோல் முறுக்குபோல நொறுங்கியது. அங்கே தீப்பிடிக்காமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்தான்.

## எதை வைத்து எடைபோடுவது?

மெயின் போர்டில் என்ன போட்டாலும், அது மூன்று வகைத் தொல்லையை எப்படிச் சமாளிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதலாவது ஓவர்லோடு. ஒயர் தாங்குவதைவிட அதிகமான கரண்ட் நெடுநேரம் ஓடுவது. கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். இதனால் உடனே எதுவும் வெடிக்காது. சுவருக்குள் ஒயர் மெதுவாக வெந்துகொண்டிருக்கும். இரண்டாவது ஷார்ட் சர்க்யூட். ஃபேஸும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலும் (அது திரும்பிப் போகும் ஒயர்) நேரடியாக ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாய்வது. மூன்றாவது லீக்கேஜ். ஃபேஸ் கரண்ட் எதன் வழியாகவோ கசிந்து கீசரின் உடம்பிலோ ஈரச் சுவரிலோ ஏறி நிற்பது. உயிரை வாங்குவது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

இவை போக இன்னும் சில கேள்விகள் உண்டு. ராத்திரி பதினோரு மணிக்குக் கரண்ட் போனால் அதை யார் சரிசெய்வார்கள், அவர்கள் என்ன தப்பு செய்ய வாய்ப்பிருக்கிறது? சுவருக்குள் இருக்கும் ஒயரும் தோட்டத்தில் இருக்கும் எர்த்தும் என்ன நிலையில் இருக்கின்றன? பில்லில் வராத செலவு என்ன?

## பீங்கான் ஃபியூஸ் கட்டை

வேலை செய்யும் விதத்தில் இதைவிட எளிமையான சாதனம் கிடையாது. லைனில் வேண்டுமென்றே ஓர் இடத்தை மெலிதாக வைக்கிறோம். கரண்ட் எல்லை மீறினால் அந்த இடம் முதலில் சூடாகி உருகிவிடும். மற்ற ஒயர் தப்பித்துக்கொள்ளும். எடிசன் 1880-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். தத்துவம் இன்றும் அதேதான்.

சரியான ஃபியூஸ் ஒயர் என்பது ஈயம் பூசியதாகப் பலர் சொன்னாலும், உண்மையில் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி. 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர் தடிமன், 10-க்கு 0.35, 15-க்கு 0.5. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாதாரண ஃப்ளெக்ஸிபிள் ஒயரின் ஓர் இழையே பல நேரம் 0.2 மில்லிமீட்டர்தான். அதாவது ஒரே ஓர் இழையைக் கட்டினால் அது கிட்டத்தட்ட 5 ஆம்பியர் ஃபியூஸ். ஆனால் ஓர் இழையோடு நிறுத்திய மனிதரை நான் பார்த்ததில்லை. "திரும்பப் போயிடும்" என்று இரண்டு, மூன்று, எங்கள் மாமா மாதிரி ஐந்து என்று முறுக்கிவிடுவார்கள். அந்த நிமிடத்தோடு அந்த லைனுக்குக் காவல் போயிற்று.

சரியான கம்பியே கட்டியிருந்தாலும் ஒரு குறை இருக்கிறது. இந்த வகை ஃபியூஸ் தன் அளவைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கரண்ட் வந்தால்தான் உறுதியாக உருகும். 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 24 ஆம்பியர் ஓடினால், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கலாம். அந்த 24 ஆம்பியர் உங்கள் சுவருக்குள் இருக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு மிக அதிகம். ஷார்ட் சர்க்யூட்டை ஃபியூஸ் நன்றாகவே அறுக்கும். ஓவர்லோடு விஷயத்தில் கொஞ்சம் மந்தம்.

அப்படியென்றால் இதில் நல்லதே இல்லையா? இருக்கிறது. கட்டையை உருவி எடுத்தால் லைன் துண்டிக்கப்பட்டிருப்பது கண்ணால் தெரியும். அனுபவமுள்ள வேலைக்காரர் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் ஏறுவார். கீழே யாரும் தெரியாமல் ஆன் செய்ய வழியில்லை. எம்சிபியில் இந்த நிம்மதி கிடையாது. சிக்கிக்கொள்ள ஸ்பிரிங், நெம்புகோல் எதுவும் ஃபியூஸ் கட்டையில் இல்லை. முப்பது வருடம் சும்மா கிடந்தாலும், தேவைப்படும் நாளில் கம்பி உருகத்தான் செய்யும்.

மறைந்திருக்கும் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சில பழைய இரும்புப் பெட்டி மெயின் சுவிட்சுகளில் ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என இரண்டு ஃபியூஸ் இருக்கும். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் ஃபேஸ் கரண்ட் வீடு முழுக்க நின்றுகொண்டிருக்கும். கரண்ட் இல்லை என்று நினைத்துக் கை வைப்பவர் கதி என்ன? 1956 இந்திய மின்சார விதிகளிலேயே நியூட்ரலில் தனியாக ஃபியூஸ் வைக்கக் கூடாது என்று இருந்தது. உங்கள் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால், மற்றதையெல்லாம் அப்புறம் யோசிக்கலாம். அதை முதலில் மாற்றுங்கள்.

## எம்சிபி

எம்சிபியை நவீனச் சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டோட்ஸ் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1924-ல். நம் வீடுகளுக்கு வந்து சேர நாளாயிற்று, அவ்வளவுதான்.

இதற்குள் இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை ஒன்று சூட்டில் மெதுவாக வளைந்து ஓவர்லோடைப் பிடிக்கும். மின்காந்தச் சுருள் ஒன்று ஷார்ட் சர்க்யூட் வந்ததும் சட்டென்று இழுத்துவிடும். 16 ஆம்பியர் எம்சிபியில் 23 ஆம்பியர் வாக்கில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் அது ட்ரிப் ஆகியே தீர வேண்டும். ஃபியூஸ் கண்டுகொள்ளாமல் விட்ட அந்த 24 ஆம்பியரை இது பிடித்துவிடும். திரும்பப் போடுவதும் சுலபம்: ஒரு தட்டு. இருட்டில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கம்பி சுற்ற வேண்டியதில்லை. தப்பான கம்பி கட்டவும் வழியில்லை.

ஆனால் மனிதன் தப்பு செய்ய வேறு வழி கண்டுபிடித்துவிடுவான். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று சொன்னால் "16-ஐ எடுத்துட்டு 32 போட்டுட்டேன், இனி பிரச்சினை வராது" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஐந்து இழை முறுக்கிய மாமாவுக்கும் இவருக்கும் வித்தியாசம் இல்லை. எம்சிபியின் அளவை ஒயர்தான் முடிவு செய்ய வேண்டும், லோடு அல்ல. 1.5 சதுர மில்லிமீட்டர் லைட் லைனுக்கு 6 அல்லது 10, 2.5 பவர் லைனுக்கு 16, 4 சதுர மில்லிமீட்டர் ஏசி லைனுக்கு 20 என்பது பொதுவாகப் பாதுகாப்பான கணக்கு. பழைய வீடுகளில் 1/18, 3/20, 7/20 என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் ஒயர் இருக்கும். முதல் எண் எத்தனை கம்பி, இரண்டாவது அதன் கேஜ், அதாவது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண். 1/18 என்பது 1.2 சதுர மில்லிமீட்டர்கூட வராது. அதன் தலையில் 16 ஆம்பியர் எம்சிபியைக் கட்டாதீர்கள்.

எம்சிபியின் முகத்தில் பி, சி, டி என்று ஓர் எழுத்து இருக்கும். கடைக்காரர் கேட்காமலே சி-யைக் கொடுப்பார். பி என்றால் தன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கில் உடனடியாக அறுக்கும். சி 5 முதல் 10. டி 10 முதல் 20. மோட்டார் கிளம்பும்போது சில மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால் போர் மோட்டாருக்கும் பழைய வகை ஏசிக்கும் சி சரி. ஆனால் ஊரின் கடைக்கோடியில், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் வீட்டுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. சி-32 உடனே அறுக்கும் என்று நிச்சயமாக நம்ப 320 ஆம்பியர் வேண்டும். போய்வரும் பாதை முழுவதற்கும் சேர்த்து ஒரு ஓம் தடை இருந்தால், ஷார்ட் ஆனாலும் அங்கே வருவது 230 ஆம்பியர்தான். காந்தச் சுருள் சும்மா இருந்துவிடலாம்; அப்படியானால் பட்டை சூடாகிற வரை தீப்பொறி பறக்கும். அப்படிப்பட்ட வீட்டில் லைட் லைன்களுக்கு பி வகையைக் கேட்டு வாங்கிப் போடுவது நல்லது. லோ வோல்டேஜில் மோட்டார் ஓட்டும்போது எம்சிபி விழுந்தால் அதைத் திட்டாதீர்கள். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும். எம்சிபி மோட்டார் காயிலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

செலவென்று பார்த்தால் ஒரு சிங்கிள் போல் (ஃபேஸை மட்டும் அறுக்கும்) எம்சிபி சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பணம் போவது டிபி பாக்ஸ் (எம்சிபிகளை வரிசையாக மாட்டும் பெட்டி), சுவர் உடைப்பு, பூச்சு, கூலி ஆகியவற்றில். பழைய ஒயர் எம்சிபியின் திருகுக்கு எட்டாது. இணைப்பு கொடுத்து நீட்டுவார்கள். அந்த இணைப்பைச் சரியாகப் போடாமல் டேப் மட்டும் சுற்றிவிட்டுப் போனால், புதுப் பெட்டிக்குப் பின்னால் புதிய தீ விபத்து ஒன்று காத்திருக்கும்.

## ஆர்சிசிபி

இப்போது மூன்றாவது தொல்லைக்கு வருகிறேன். இதுவரை பார்த்த இரண்டுமே ஒயருக்கும் வீட்டுக்கும் காவல். உங்கள் உடம்புக்கு?

ஈரக்கையோடு ஃபேஸைத் தொடும் ஒருவரின் உடல் தடை ஆயிரம் ஓம் வாக்கில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டுக்கு 0.23 ஆம்பியர் ஓடும். ஒரு சீலிங் ஃபேன் இழுப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது ஒரு மனிதன் ஷாக் அடித்துத் துடிக்கும்போது, 5 ஆம்பியர் ஃபியூஸுக்கும் 6 ஆம்பியர் எம்சிபிக்கும் யாரோ ஒரு ஃபேனைப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் தெரியும்.

எர்த் இருக்கிறதே என்பீர்கள். கோடையில் காய்ந்த செம்மண்ணில், வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றாத எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்தால், கீசர் உடம்பில் ஃபேஸ் ஒட்டினாலும் ஓடுவது 11.5 ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸ் போகாது. 16 ஆம்பியர் எம்சிபியும் விழாது. கீசர் உடம்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். மீட்டர் மட்டும் ஓடும். அடுத்த பில்லைப் பார்த்தால்தான் ஏதோ தப்பு என்று தெரியும்.

ஆர்சிசிபி செய்வது வேறு கணக்கு. ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று ஒரு வளையத்தின் வழியே பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போடும் 30 மில்லி ஆம்பியர் வகையில், அந்த அளவு வித்தியாசம் வந்ததும் 0.3 நொடிக்குள் அறுத்துவிடும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் இன்னும் வேகம். எர்த் ஒயரே ஓடாத பழைய இரண்டு ஒயர் வீட்டிலும் இது வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. எர்த் இருந்தால் நீங்கள் தொடும் முன்பே விழும். இல்லாவிட்டால் தொட்டபின் விழும். ஷாக் அடிக்கும், ஆனால் பிடித்து வைத்துக்கொள்ளாது.

இனி இதன் தொந்தரவுகள். 30 மில்லி என்று எழுதியிருந்தாலும் 15-ஐத் தாண்டினாலே எங்கு வேண்டுமானாலும் விழ உரிமை உண்டு. கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் ஒவ்வொன்றும் துளித்துளியாகக் கசிய விடும். எல்லாம் சேர்ந்தால் காரணமில்லாமல் விழுவதுபோலத் தோன்றும். மார்கழியில் பல மாதம் கழித்துக் கீசரைப் போட்டால் விழும். சும்மா கிடந்த காயிலுக்குள் ஈரம் ஏறியிருக்கும். ஐப்பசி மழையில் சுவர் ஊறினால் விழும். இடி இறங்கினால் விழும். நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போயிருக்கும்போது விழுந்தால், ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் ஃப்ரிட்ஜை வேறொரு ஆர்சிசிபியில் பிரித்துப் போட்டது அந்த அனுபவத்துக்குப் பிறகுதான்.

பழைய வீட்டில் இன்னொன்றும் நடக்கும். மாட்டிய நிமிடத்திலிருந்து ஆர்சிசிபி ஆன் நிலையில் நிற்கவே நிற்காது. காரணம் சாதனம் அல்ல. எப்போதோ யாரோ ஓர் அறையின் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்திருப்பார்கள், அல்லது வீட்டு இன்வெர்ட்டர் பொருத்தியவர் இரண்டு லைனின் நியூட்ரலை ஒன்றாக முறுக்கியிருப்பார். அதைத் தேடிப் பிரிக்க ஒரு நாள் கூலி ஆகும். ஆர்சிசிபியின் விலை ஒரு எம்சிபியைப் போலப் பத்து மடங்கு வரை இருக்கும், ஆனால் நிஜச் செலவு இந்த ஒரு நாள்தான். "இது உங்க வீட்டுக்கு ஒத்துவராது சார்" என்று சொல்லி நேரடி இணைப்பு கொடுத்துவிட்டுப் போகிறவர், அந்த வேலைக்குச் சோம்பல் படுகிறார் என்று அர்த்தம்.

ஆர்சிசிபி மட்டும் போதாது. ஓவர்லோடும் ஷார்ட்டும் அதன் கண்ணுக்குத் தெரியாது. கூடவே ஃபியூஸோ எம்சிபியோ இருந்தே ஆக வேண்டும். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் பிடித்தால் அது உங்களையும் ஒரு லோடு என்றுதான் நினைக்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது, மெயினில் இருக்கும் ஆர்சிசிபியால் இன்வெர்ட்டர் தரும் கரண்டை நிறுத்த முடியாது. வாங்கும்போது ஏசி வகை (இது ஏர் கண்டிஷனர் அல்ல, ஆர்சிசிபி வகையின் பெயர்), ஏ வகை என்று இரண்டு இருக்கும். எலக்ட்ரானிக் போர்டு வைத்த சாமான்கள் உள்ள வீட்டுக்கு ஏ வகை பொருத்தம். எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒரே உடம்பில் சேர்ந்த ஆர்சிபிஓ என்று ஒன்றும் உண்டு. கீசர் லைனுக்குத் தனியாகப் போட அது நல்ல தேர்வு.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஃபியூஸ் கட்டை | எம்சிபி | ஆர்சிசிபி |
|---|---|---|---|
| ஓவர்லோடு | மந்தம் | நன்று | பார்க்காது |
| ஷார்ட் சர்க்யூட் | நன்று, சரியான கம்பி இருந்தால் | நன்று, லைன் மிக நீளமாக இல்லாவிட்டால் | பார்க்காது |
| உடம்பில் ஷாக் | பார்க்காது | பார்க்காது | காப்பாற்றும் |
| திரும்பப் போடுவது | கம்பி சுற்ற வேண்டும் | ஒரு தட்டு | ஒரு தட்டு, ஆனால் கசிவைத் தேட வேண்டும் |
| வழக்கமான மனிதத் தவறு | இழைகளை முறுக்குவது | பெரிய அளவு போடுவது | நேரடி இணைப்பு கொடுப்பது |
| பில்லில் வராத செலவு | வெந்துபோகும் ஒயர் | சுவர் வேலை, இணைப்புகள் | நியூட்ரல் தேடும் கூலி, வீணாகும் ஃப்ரிட்ஜ் சாமான் |

## எந்த வீட்டுக்கு எது?

கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், நான் எம்சிபிக்கு முன்னால் ஆர்சிசிபியைத்தான் போடச் சொல்வேன். சரியான கம்பி கட்டிய ஃபியூஸ் கட்டைகளோடு மெயினில் ஓர் ஆர்சிசிபி இருக்கும் வீடு, பளபளவென்று பன்னிரண்டு எம்சிபி வரிசையாக நிற்க ஆர்சிசிபி இல்லாத வீட்டைவிடக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது. பல எலக்ட்ரீஷியன்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மேலே சொன்ன சீலிங் ஃபேன் கணக்கைப் போட்டுக் காட்டினால் பதில் வராது.

நாலு விளக்கு, இரண்டு ஃபேன், ஒரு டிவி மட்டும் ஓடும் கிராமத்து வீட்டில் ஃபியூஸ் கட்டையே இருக்கட்டும். 5 ஆம்பியர் கம்பிச் சுருள் ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள்ளேயே மாட்டி வையுங்கள். சரியான கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஒயரை உரிக்கும் ஆசை யாருக்கும் வராது. ஏசி, கீசர், இண்டக்ஷன் அடுப்பு என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு எம்சிபி தள்ளிப்போடக் கூடாத செலவு. ஆனால் ஒயர் பழசாகவே இருந்தால், அந்தப் பெரிய லோடுகளுக்குத் தனி லைன் இழுக்காமல் எம்சிபி மாற்றி மட்டும் பயனில்லை.

வாடகை வீட்டுக்காரர்கள் என்ன செய்வது? ஓனரிடம் கேட்டுவிட்டு, குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகும் லைனில் மட்டும் சிறு பெட்டியில் ஓர் ஆர்சிபிஓ போட்டுக்கொள்ளலாம். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போய்விடலாம். மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஈபி ஃபியூஸ் மட்டும் யாருடைய கைக்கும் உரியதல்ல; அது லைன்மேன் வேலை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எர்த் குழியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டன் எர்த்தைச் சோதிக்காது, ஆர்சிசிபியை மட்டுமே சோதிக்கும். வேலை முடிந்து எலக்ட்ரீஷியன் கருவிகளைப் பையில் போடும்போது அந்தப் பட்டனை நீங்களே ஒருமுறை அழுத்துங்கள். வீடு மொத்தமும் இருள வேண்டும். இருளவில்லை என்றால் கூலியைக் கொடுக்காமல் அவரைத் திரும்ப ஏணியில் ஏற்றுங்கள்.